ஓக்லஹோமா சிட்டி கௌபாய் அருங்காட்சியகம்: ஒரே நாளில் எதைப் பார்ப்பது?

கேள்வி

வணக்கம். டல்லாஸில் வசிக்கும் நாங்கள் அடுத்த மாதம் பத்து வயது மகளுடன் ஓக்லஹோமா சிட்டிக்குச் சென்று, அங்குள்ள தேசிய கௌபாய் மற்றும் மேற்கத்திய மரபு அருங்காட்சியகத்தைப் பார்க்க எண்ணியிருக்கிறோம். திரைப்படத் துப்பாக்கிச் சண்டைகளைத் தாண்டி, மாடோட்டிகளின் உண்மையான வாழ்க்கையையும், அந்த நிலத்தின் பூர்வகுடிகளுக்கு நேர்ந்ததையும் அவள் புரிந்துகொள்ள இந்த இடம் உதவுமா? எந்தக் கூடங்களுக்கு முதலிடம் தரலாம் என்று சென்று வந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1

நிச்சயம் உதவும். துப்பாக்கிக் கூடத்தைக் கடைசிக்குத் தள்ளிவிட்டு, கௌபாய் கூடத்திலிருந்து தொடங்குங்கள். பின்னணியை மகளுக்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது. 1865-இல் உள்நாட்டுப் போர் முடிந்தபோது டெக்சாஸில் நீள்கொம்பு மாடுகள் ஏராளமாக இருந்தன. வாங்குவோரோ வடக்கிலும் கிழக்கிலும் இருந்தார்கள். 1867-இல் கேன்சஸ் மாநிலத்து அபிலீன் ரயிலடியில் மாட்டுச் சந்தை ஏற்பட்டதும், இரண்டாயிரம் மூவாயிரம் மாடுகளைப் பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து, நாளொன்றுக்கு 10 முதல் 15 மைல் வீதம், இன்றைய ஓக்லஹோமா வழியாகவே ஓட்டிச் சென்றார்கள்.

சேணங்களை நிதானமாகப் பாருங்கள். முன்புறம் துருத்தி நிற்கும் குமிழ் அலங்காரத்துக்கானது அல்ல. சுருக்குக் கயிற்றில் சிக்கிய மாடு திமிறும்போது, கயிற்றின் மறுமுனையைச் சுற்றிக் கட்டுவதற்கானது. சேணமும் கயிறும் வேலைமுறையும் பெரும்பாலும் மெக்சிகோவில் குதிரையேறி மாடு மேய்த்த வக்கேரோக்களிடமிருந்து வந்தவை. மாடோட்டிகளில் நாலில் ஒருவர் கறுப்பினத்தவர் என்பது ஆய்வாளர்கள் பலரின் கணிப்பு. ரோடியோ என்னும் மாடோட்டிகளின் திறன் போட்டிகளில், ஓடும் காளையின் கொம்பைப் பிடித்துச் சாய்க்கும் ஆட்டத்துக்கு வழிவகுத்த பில் பிக்கெட்டும் கறுப்பினத்தவரே. 1971-இல் இந்த அருங்காட்சியகம் அவரை ரோடியோ சாதனையாளர் வரிசையில் சேர்த்தது.

பலர் எட்டிக்கூடப் பார்க்காத முள்கம்பித் தொகுப்பைத் தவறவிடாதீர்கள். ஜோசப் கிளிடன் 1874-இல் காப்புரிமை பெற்ற கம்பியில், ஒரு கம்பியில் சுற்றிய முள் நகர்ந்துவிடாதபடி இரண்டாவது கம்பி அதை முறுக்கிப் பிடித்திருக்கும். அந்தச் சிறு உத்திதான் மேய்ச்சல் வெளியை வேலிகளால் அடைத்தது. ரயில் பாதைகள் தெற்கே நீண்டன, 1886-87 கடுங்குளிரில் வடசமவெளி மந்தைகள் மடிந்தன, நெடுந்தூர மாடோட்டம் ஏறத்தாழ இருபதே ஆண்டுகளில் ஓய்ந்துபோனது.

மறுமொழி 2

மேலே சொன்னவற்றை ஏற்கிறேன். பூர்வகுடிகள் பற்றிய கேள்விக்கு மட்டும் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். நுழைந்தவுடன் ‘என்ட் ஆஃப் த டிரெயில்’ (பாதையின் முடிவு) என்ற மாபெரும் சிற்பம் நிற்கும். தலை தொங்கிய குதிரை, அதன்மேல் முதுகு வளைந்து சரிந்திருக்கும் பூர்வகுடி வீரன், தரைநோக்கிய ஈட்டி. ஜேம்ஸ் ஏர்ல் ஃபிரேசர் 1915 சான் பிரான்சிஸ்கோ உலகக் கண்காட்சிக்காகச் சாந்தில் வடித்த இந்தச் சிற்பம், பிறகு கலிஃபோர்னியப் பூங்கா ஒன்றில் வெயிலிலும் மழையிலும் சிதைந்துகொண்டிருந்தது. அருங்காட்சியகம் 1968-இல் பெற்றுச் செப்பனிட்டது.

கலையாக அது நெஞ்சை உலுக்குகிறது. ஆயினும் அம்மக்களின் கதை அத்துடன் முடிந்துவிட்டது என்ற எண்ணத்தைக் குழந்தையின் மனத்தில் விதைத்துவிடக்கூடும் என்பதே என் கவலை. இன்றும் ஓக்லஹோமாவில் 39 பூர்வகுடி தேசங்கள் தங்கள் அரசாங்கங்களுடன் வாழ்கின்றன. அவர்களின் வரலாற்றை அவர்களே சொல்லும் ஃபர்ஸ்ட் அமெரிக்கன்ஸ் அருங்காட்சியகம் 2021-இல் அதே நகரில் திறக்கப்பட்டது. இரண்டையும் பார்த்தால்தான் உங்கள் கேள்விக்கு முழு விடை கிடைக்கும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. ஒரே நாளில் இரண்டும் சாத்தியமா? குழந்தை சலிப்படைந்துவிடுவாளோ என்று தயங்குகிறேன்.

மறுமொழி 3

தாராளமாக முடியும், இரண்டும் ஒரே நகரில்தான் இருக்கின்றன. காலையில் கௌபாய் அருங்காட்சியகம் திறந்தவுடன் சென்றுவிடுங்கள். கூடங்களுக்கிடையே ‘பிராஸ்பெரிட்டி ஜங்ஷன்’ என்ற பழைய மாட்டுச் சந்தை ஊரை அந்திப் பொழுதின் வெளிச்சத்தில் முழு அளவில் அமைத்திருக்கிறார்கள். சில கட்டடங்களுக்குள் நுழைந்தே பார்க்கலாம் என்பதால் என் பிள்ளைகள் அங்கிருந்து கிளம்பவே மறுத்தார்கள். வெளியே, பூர்வகுடிகளின் பலவகை வீடுகளின் மாதிரிகள் கொண்ட விளையாட்டுத் திடல் இருக்கிறது. கோடை வெயில் அங்கே கடுமையாக இருக்கும்; அதை முதலில் முடித்துக்கொண்டு உள்ளே செல்லுங்கள்.