சடங்கிலிருந்து பிரித்தால் பாட்டு என்ன ஆகும்?

கேள்வி:
வழிபாட்டுக்காகப் பிறந்த பாடலை அரங்கத்தில் வெறும் கலையாகக் கேட்கும்போது ஏதோ விட்டுப்போகிறது என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது. சடங்குதான் கலையைப் பெற்றதா, இல்லை கலை பிறகு சடங்குக்குள் போனதா?

பதில் 1:
சடங்குதான் முதலில் என்பதற்கு ஐரோப்பிய நாடகத்தைப் பாருங்கள். 10ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துத் துறவிகளின் விதிநூல் ஒன்றில் ஈஸ்டர் வழிபாட்டு முறை இருக்கிறது: ஒருவர் வெள்ளை அங்கியில், கையில் குருத்தோலையோடு, இயேசுவின் கல்லறையாகப் பாவித்த இடத்தருகே உட்கார வேண்டும், மூன்று பேர் தூபக்கலசத்தோடு எதையோ தேடுவதுபோல மெதுவாக வர வேண்டும், 'யாரைத் தேடுகிறீர்கள்' என்று அவர் பாட இவர்கள் பதில் பாடி, கடைசியில் உடல் இல்லாத வெறும் துணியை எடுத்துக் காட்ட வேண்டும். உடை, நடை, வசனம் எல்லாம் வந்துவிட்டது, ஆனால் அவர்களுக்கு அது வழிபாடு மட்டும்தான்.

பதில் 2:
எல்லாமே அப்படி இல்லை. தேவாரம் தலம் தலமாகப் போய்ப் பாடியது, முதலில் கவிதை. அப்புறம்தான் கோயிலின் நித்திய முறைக்குள் வந்தது. தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் (தேவாரப் பாடல்கள்) பாட ராஜராஜன் 48 பேரை நியமித்ததைக் கல்வெட்டே சொல்கிறது. சடங்கு இல்லாவிட்டால் இவ்வளவு பாட்டு நம் கைக்கு வந்திருக்குமா?

பதில் 3:
கேட்டவருக்கு: ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் 'மத்தேயு பாடுகள்' என்ற இசைப் படைப்பை எடுத்துக்கொள்ளுங்கள், மத்தேயு நற்செய்தி சொல்லும் இயேசுவின் துன்பங்களைப் பாடுவது அது. பாக்கின் காலத்தில் லைப்சிக் தேவாலயத்தில் அதன் இரண்டு பகுதிகளுக்கு நடுவே பிரசங்கம் இருந்தது. 1829இல் மெண்டல்சோன் என்ற இசையமைப்பாளர் பெர்லினில் அதைக் கச்சேரியாக நடத்தினார், பிரசங்கம் போய்விட்டது, பல பகுதிகளும் வெட்டப்பட்டன. உங்களுக்கு ஏதோ விட்டுப்போவதாகத் தோன்றுவது, பிரசங்கம் போன இடத்தில் விழுந்த அந்த வெற்றிடம்தான் என்று நினைக்கிறேன். ஆனாலும் அந்தக் கச்சேரியால்தான் அந்த இசை மறுபடி உலகத்துக்குத் தெரிந்தது, அதையும் மறக்க முடியாது.