பவுன்ஸ் ரேட் 62-ல இருந்து 4 ஆயிட்டு, ஆனா புக்கிங் ஏறல. ஜிஏ4 கணக்கை நம்பலாமா?

சங்குத்துறைக்காத்து:

கன்னியாகுமரியில அத்தான் நடத்துற 6 ரூம் ஹோம்ஸ்டேக்கு வெப்சைட்டை நான்தான் பாத்துக்கிடுதேன். வேர்ட்பிரஸ்ல ஓடுது. ஆளு வரத்தை எண்ண ஜிஏ4 (கூகுள் அனலிட்டிக்ஸ் 4), கூகுள் தேடல் கணக்குக்கு சர்ச் கன்சோல் எல்லாம் உண்டு. அக்டோபர்ல தீம் (சைட்டோட தோற்றம்) மாத்தினோம். நவம்பர் நடுவுல இருந்து ஜனவரி நடு வரைக்கும் உள்ள சீசன் கணக்கை இப்ப எடுத்துப் பாத்தா ஒண்ணுக்கொண்ணு ஒட்டல.

பேஜ்வியூ (பக்கம் திறந்த எண்ணிக்கை) போன சீசனைவிட கிட்டத்தட்ட ரெட்டிப்பு. பவுன்ஸ் ரேட், அதாவது வந்து ஒண்ணும் பாக்காம போற வருகையோட பங்கு, 62 சதவீதத்துல இருந்து 4-க்கு வந்துட்டு. ஆனா ஃபோன் விசாரணை, வாட்ஸ்அப் மெசேஜ், நிறைஞ்ச ரூம் எல்லாம் போன வருசம் மாதிரியேதான். பத்துல ஏழு பேர் வந்து இறங்குறது "இன்னைக்கு சூரிய உதயம் எத்தனை மணிக்கு" பக்கத்துல. ரூம் பக்கத்தை எட்டிப் பாக்கவங்க குறைவு. ஊர்ப் பட்டியல்ல சென்னை முதல்ல நிக்குது, நாகர்கோவில் எங்கயோ கீழ கிடக்கு, நடுவுல ஆஷ்பர்ன்னு ஒரு ஊர். கூட்டம் அதிகமா வாறது சாயங்காலம் மூணு, நாலு மணிக்குன்னு காட்டுது. கூகுளோட வேகச் சோதனையான பேஜ்ஸ்பீடுல மொபைல் ஸ்கோர் 100-க்கு 38.

"கூகுள் விளம்பரத்துக்குப் பணம் போடட்டுமா"ன்னு அத்தான் கேக்காங்க. இந்தக் கணக்கை வச்சு என்ன பதில் சொல்ல?

பழையாறு:

விளம்பரம் இப்போது வேண்டாம். மீட்டரே தப்பாக ஓடுகிறது, முதலில் அதைப் பாருங்கள்.

ஜிஏ4-இல் ஒரு செஷன் (ஒருவரின் ஒரு வருகை) 10 விநாடிக்கு மேல் நீடித்தாலோ, அதில் 2 பேஜ்வியூ இருந்தாலோ, ஒரு கீ ஈவென்ட் (நாம் முக்கியமென்று குறித்த செயல்) நடந்தாலோ அது எங்கேஜ்டு செஷன், அதாவது ஈடுபாடுள்ள வருகை. மிச்சமுள்ளதுதான் பவுன்ஸ். அப்படியானால் பவுன்ஸ் 4 சதவீதம் ஆவதற்குப் பெரும்பாலும் இரண்டே வழி: வருகிற அத்தனை பேரும் திடீரென்று உங்கள் சைட்டின் மேல் பிரியமாகியிருக்க வேண்டும், அல்லது ஒரு பக்கத்தைத் திறந்ததற்கே இரண்டு பேஜ்வியூ பதிவாக வேண்டும். தீம் மாற்றிய மாதத்திலிருந்து என்றால் இரண்டாவதுதான்.

சோதிப்பது இப்படி. கணினியில் குரோமின் இன்காக்னிட்டோ ஜன்னலில் உங்கள் சைட்டைத் திறந்து எஃப்12 அழுத்துங்கள். நெட்வொர்க் பகுதிக்குப் போய் ஃபில்டர் பெட்டியில் "கலெக்ட்" என்று ஆங்கிலத்தில் அடித்துவிட்டு பக்கத்தை ரீலோட் செய்யுங்கள். வருகிற வரிகளின் எண்ணிக்கையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். ஜிஏ4 சில சமயம் பல ஈவென்ட்டுகளை ஒரே கோரிக்கையில் சேர்த்து அனுப்பும். ஒவ்வொரு வரியையும் திறந்து, ஒரே மெஷர்மென்ட் ஐடிக்கு (ஜிஏ4-இல் உங்கள் சைட்டின் அடையாளம்) பேஜ்வியூ ஈவென்ட் எத்தனை முறை போகிறது என்று எண்ணுங்கள். ஒன்றுக்கு மேல் போனால் அதுதான் நோய்.

காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. பழைய தீமில் பிளகின் வழியாக டேக் (ஜிஏ4-க்குத் தகவல் அனுப்பும் கோட்) இருந்திருக்கும். புதிய தீமைப் போட்டவர் அதன் ஹெட்டர் பெட்டியிலும் அதே கோடை ஒட்டியிருப்பார். ஒன்றை எடுத்துவிடுங்கள். அது இல்லையென்றால், புதிய தீம் ஸ்லைடரிலோ கேலரியிலோ யூஆர்எல்லை மாற்றிக்கொண்டே இருக்கும். ஜிஏ4 தானாகப் பதிவு செய்யும் என்ஹான்ஸ்டு மெஷர்மென்ட்டில் "பிரவுசர் ஹிஸ்டரி மாற்றம்" டிக் ஆகியிருந்தால் ஒவ்வொரு மாற்றமும் ஒரு பேஜ்வியூ. ஜிஏ4 அட்மினில் டேட்டா ஸ்ட்ரீம் உள்ளே என்ஹான்ஸ்டு மெஷர்மென்ட்டின் பல்சக்கரத்தை அழுத்தி, பேஜ்வியூவின் மேம்பட்ட அமைப்பில் அந்த டிக்கை எடுக்கலாம்.

கெட்டுப்போன பழைய கணக்கை ஜிஏ4 திருத்தித் தராது. ஆனால் எல்லாம் போய்விடவில்லை. இரண்டு பேஜ்வியூவும் ஒரே குக்கியில் (பிரவுசரில் வைக்கும் அடையாளக் குறிப்பு) போவதால் யூசர், செஷன் எண்ணிக்கை பெரும்பாலும் சரியாகவே இருக்கும். பேஜ்வியூ, பவுன்ஸ், எங்கேஜ்மென்ட் ரேட் மூன்றையும் அந்தக் காலத்துக்கு ஒதுக்கிவிட்டு செஷனை மட்டும் பாருங்கள். சரிபார்க்க சர்ச் கன்சோல் கிளிக் இருக்கிறது. அது கூகுள் பக்கத்தில் எண்ணப்படுவது, உங்கள் டேக்கோடு சம்பந்தமில்லை, 16 மாதம் வரை பின்னால் போகலாம்.

மட்டிப்பழம்:

பழையாறு அண்ணன் சொன்னதுதான் முதல் வேலை. அதோட அட்மின்ல பிராப்பர்ட்டி செட்டிங்ஸ் திறந்து டைம் ஜோன் என்னன்னு பாருங்க. லாஸ் ஏஞ்சலஸ்னு கிடக்கும்னு நினைக்கேன். குளிர்காலத்துல அதுக்கும் நமக்கும் 13.30 மணி நேரம் வித்தியாசம். நம்ம விடியக்காலம் அஞ்சு மணி அங்க முந்தின நாள் சாயங்காலம் மூணரை. உங்க "சாயங்காலக் கூட்டம்" அதாக்கும்! இந்தியா நேரத்துக்கு மாத்துங்க. மாத்தின பிறகு வாற டேட்டாவுக்குத்தான் அது செல்லும், பழசு அப்படியே கிடக்கும்.

இது ஏன் முக்கியம்னா, விடியக்காலம் அஞ்சு மணிக்கு உதய நேரம் தேடுறவரு யாரு? ராத்திரியே கன்னியாகுமரிக்கு வந்து வேற எங்கயோ ரூம் எடுத்துப் படுத்திருந்தவரு. கட்டில்ல இருந்து எழும்பி ஃபோனைத் தடவுறாரு, நேரத்தைப் பாக்காரு, முக்கடல் சங்கமத்துக்கு ஓடுறாரு. அவருக்கு நீங்க ரூம் விக்க முடியாது. அவரு 5 விநாடியில போனா அந்தப் பக்கம் தோத்துட்டுன்னும் அர்த்தமில்ல, கேட்டதுக்குப் பதில் கிடைச்சு போறாரு. அதே பக்கத்தை ராத்திரி ஒம்பது மணிக்கு மதுரையிலயோ கொல்லத்துலயோ இருந்து பாக்கவரு வேற ஆளு. அவருதான் பயணத்துக்குத் திட்டம் போடுறவரு.

அதனால சைட்டு முழுசுக்கும் ஒரே சராசரி எடுக்காதீங்க. ஜிஏ4 எக்ஸ்ப்ளோர்ல ஃப்ரீ ஃபார்ம் ஒண்ணு திறந்து வரிசைக்கு லேண்டிங் பேஜ் (முதல்ல வந்து இறங்குற பக்கம்), பத்திக்கு ஹவர், மதிப்புக்கு செஷனும் கீ ஈவென்ட்டும் போடுங்க. உதயப் பக்கத்துக்குத் தனி கணக்கு, ரூம் பக்கத்துக்குத் தனி கணக்கு. ராத்திரி ஆளுக்காக நேரப் பட்டியலுக்குக் கீழ "கடலைப் பாத்த ரூம்"னு ஒரு படம், வாடகை, லிங்க் வைங்க. நேரத்தை மறைக்கிற மாதிரி பாப்அப் மட்டும் வைக்காதீங்க, விடியக்கால ஆளு சாபம் விடுவாரு.

இனி கீ ஈவென்ட். உங்க சைட்டுல அது ஒண்ணுமே இருக்காதுன்னு தோணுது. ஹோம்ஸ்டேக்கு காசு வாறது ஃபோன்லயும் வாட்ஸ்அப்லயும். வாட்ஸ்அப் லிங்க் வெளி டொமைன்ங்கதால என்ஹான்ஸ்டு மெஷர்மென்ட் அதை சாதாரண "கிளிக்" ஈவென்ட்டா பிடிச்சிடும். ஃபோன் நம்பர் லிங்கைப் பிடிக்காது. அதைக் கூகுள் டேக் மேனேஜர் (டேக்குகளை வைக்குற கருவி) வழியா வைக்கலாம். முதல்ல வேரியபிள்ஸ்ல "கிளிக் யூஆர்எல்"லை ஆன் பண்ணுங்க, நிறைய பேரு இதை விட்டுட்டு டிரிகர் (எப்ப எண்ணணும்ங்கிற விதி) வேலை செய்யலன்னு தேடுவாங்க. பிறகு "ஜஸ்ட் லிங்க்ஸ்" வகை டிரிகர், கிளிக் யூஆர்எல் "டெல்" முக்காற்புள்ளியில தொடங்கணும்னு நிபந்தனை. அந்த டிரிகர்ல ஒரு ஜிஏ4 ஈவென்ட் டேக். வாட்ஸ்அப்புக்கும் இதே மாதிரி தனியா ஒண்ணு. ஈவென்ட் பேருல பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேற வேறயா எண்ணப்படும், எல்லாத்தையும் சின்ன எழுத்துல வைங்க. பிரிவியூல சோதிச்சு பப்ளிஷ் பண்ணின பிறகு ஜிஏ4-ல அதைக் கீ ஈவென்ட்டா குறிங்க, எண்ணுற முறையை "செஷனுக்கு ஒருமுறை"ன்னு வைங்க. லைன் கிடைக்காம ஒரே ஆளு நாலு தடவ அமுக்குவாரு, அது நாலு விசாரணை இல்ல.

அமுக்குறது வேற, பேசுறது வேற. ரிசப்ஷன்ல ஒரு நோட்டு போட்டு, கூப்பிடுறவங்ககிட்ட "எங்க பாத்து கூப்பிடுதீங்க"ன்னு கேட்டு எழுதச் சொல்லுங்க. வாரக் கடைசியில ரெண்டையும் ஒத்துப் பாருங்க.

ஊர்ப் பட்டியலை ரொம்ப நம்பாதீங்க. அது ஐபியை வச்சு ஊகிக்கிறது. மொபைல் டேட்டாவுல கடற்கரையில நிக்கவரையும் மொபைல் கம்பெனியோட இணைப்பு வெளிய போற ஊருல கொண்டு வைக்கும். ஆஷ்பர்ன் அமெரிக்காவுல வர்ஜீனியாவுல இருக்கு, டேட்டா சென்டர் நிறைஞ்ச ஊரு. கவுன்சில் பிளஃப்ஸ், போர்டுமன் வந்தாலும் அப்படித்தான். தெரிஞ்ச பாட்களை (மனுசர் இல்லாத தானியங்கி வருகை) ஜிஏ4 தானா தள்ளிடும், தெரியாதது உள்ள வந்துரும். எங்கேஜ்மென்ட் நேரம் 0 விநாடின்னா ரிப்போர்ட்டுல அந்த ஊரை ஃபில்டர் போட்டு விலக்கிட்டுப் பாருங்க.

வள்ளவிளை_ஜங்ஷன்:

ஸ்பீடு பத்தி யாரும் சொல்லல, நான் சொல்லுதேன்.

38-ங்கது லேப் ஸ்கோர். நடுத்தர ஃபோன், 1.6 எம்பிபிஎஸ் நெட், 150 மில்லிசெகண்ட் தாமதம்னு பாவனை செஞ்சு எடுத்தது. கூகுள் கணக்குல எடுக்கறது கள டேட்டா: கடந்த 28 நாளில் உண்மையான குரோம் பயனாளிகளில் 75-ஆவது சதமானம் (நாலுல மூணு பேருக்கு இந்த அளவுக்குள்ள இருக்கும்). எல்சிபி (திரையில பெரிய உறுப்பு தெரிய ஆகுற நேரம்) 2.5 விநாடிக்குள், ஐஎன்பி (அமுக்கினதுக்குப் பதில் வர ஆகுற நேரம்) 200 மில்லிசெகண்டுக்குள், சிஎல்எஸ் (பக்கம் குதிக்கிற அளவு) 0.1-க்குள் இருக்கணும். 2024 மார்ச்சில் எஃப்ஐடிங்கிற பழைய அளவுக்குப் பதிலா வந்தது ஐஎன்பி. பழைய கட்டுரைகளை வச்சு எஃப்ஐடியைத் துரத்த வேண்டாம். சின்ன சைட்டுக்குக் கள டேட்டா வராமலும் போகலாம். அப்ப லேப்பை வச்சுத்தான் வேலை பாக்கணும், ஆனா ஸ்கோரை விட்டுட்டு எல்சிபி எந்த உறுப்பு, எத்தனை விநாடி என்பதைப் பாருங்க.

இந்த வகை சைட்டுல எல்சிபி பெரும்பாலும் மேல ஓடுற ஸ்லைடர். கேமராவுல எடுத்த விவேகானந்தர் பாறைப் படம் 4000 பிக்சல் அகலத்துல, 3 எம்பி, அப்படி அஞ்சு. ஸ்லைடரை எடுத்துட்டு ஒரே படம் வைங்க: மொபைலுக்கு 800 பிக்சல், பெரிய திரைக்கு 1600, வெப்பி (சின்ன ஃபைலா வர்ற பட வடிவம்), 150 கேபிக்குள். முதல் படத்துக்கு லேஸி லோடு (தேவைப்படும்போதுதான் படத்தை ஏத்துறது) கூடாது. இங்கதான் கேஷ் பிளகின்கள் (பக்கத்தைச் சேமிச்சு வச்சு வேகமாத் தர்றவை) காலை வாரும், எல்லாப் படத்துக்கும் கண்ணை மூடிட்டு லேஸி போட்டுடும். முதல் படத்தை விலக்குப் பட்டியல்ல சேருங்க. படங்களுக்கு அகலம், உயரம் எழுதியிருக்கணும், இல்லைன்னா பக்கம் குதிச்சு சிஎல்எஸ் ஏறும். கூகுள் மேப், யூடியூப் எம்பெட் ரெண்டையும் படமாக்கி, அமுக்கினா திறக்குற மாதிரி வைங்க. தமிழ் ஃபான்ட் ரெண்டு தடிமனுக்கு மேல ஏத்தாதீங்க. சர்வர் முதல் பதில் தர 0.8 விநாடிக்கு மேல எடுத்தா பேஜ் கேஷ் போடணும். ஹோஸ்டிங் அமெரிக்காவுல கிடந்தா மும்பைக்கு மாத்தலாம்.

அனலிட்டிக்ஸ் படிக்கும்போது ஒண்ணு கவனிக்கணும். டேக் லோடாகுமுன்ன பின்பட்டனை அமுக்கிட்டுப் போனவரு ஜிஏ4 கணக்குலயே வரமாட்டாரு. கடற்கரையில கூட்ட நாளில் டவர் திணறும், பேச்சிப்பாறைப் பக்கம் சிக்னலே இழுபறி. அங்க உள்ளவங்க சத்தமில்லாம கழிஞ்சு போவாங்க. ஸ்பீடு சரியான பிறகு அவங்களும் எண்ணப்படுவாங்க, அதனால பவுன்ஸ் கொஞ்சம் ஏறின மாதிரிகூடத் தெரியும். பதறி பழைய நிலைக்கு மாத்திடாதீங்க. சர்ச் கன்சோல் கிளிக்கையும் ஜிஏ4-ல கூகுள் ஆர்கானிக் (விளம்பரமில்லாத தேடல்) செஷனையும் பக்கம் பக்கமா ஒப்பிடுங்க. ரெண்டும் ஒருநாளும் சமமா வராது, ஆட் பிளாக்கர் ஒரு பங்கு தின்னும். ஆனா ஒரு பக்கத்துல மட்டும் இடைவெளி பெருசா இருந்தா அங்க ஆளு வழியிலயே விழுறாங்க.

சங்குத்துறைக்காத்து:

எல்லாருக்கும் நன்றி. பேஜ்வியூ ரெண்டு தடவ போகுது, பிளகின்ல ஒண்ணு, தீம் ஹெட்டர்ல ஒண்ணு. டைம் ஜோனும் லாஸ் ஏஞ்சலஸேதான், சிரிச்சுட்டேன். ரெண்டையும் சரி பண்ணியாச்சு.

இனி மூணு சந்தேகம். எந்த மாசத்தை எந்த மாசத்தோட ஒப்பிட? புக்கிங் வந்த சோர்ஸ்ல பேமென்ட் கேட்வே பேரு வருது, அது என்ன? மலையாளத்துல ஒரு பக்கம் போடலாமா?

பழையாறு:

முந்தைய மாதத்தோடு ஒப்பிடுவது நம் ஊருக்கு உதவாது. கார்த்திகை பிறந்ததிலிருந்து மகரவிளக்கு வரை ஐயப்ப பக்தர் கூட்டம். பிப்ரவரியை ஜனவரியோடு வைத்தால் எப்போதும் சரிவுதான் தெரியும். போன வருடத்தின் அதே காலத்தோடு வையுங்கள், கிழமை பொருந்துமாறு. ஓணம் ஆங்கிலத் தேதியில் நகர்வதால் ஓண வாரத்தை ஓண வாரத்தோடு. எக்ஸ்ப்ளோர் டேட்டா இயல்பாக 2 மாதம்தான் நிற்கும். அட்மினில் டேட்டா ரிடென்ஷனை 14 மாதமாக இன்றே மாற்றுங்கள், அழிந்தது திரும்பாது.

பணம் கட்டப் போனவர் கேட்வேயிலிருந்து திரும்பும்போது அந்த கேட்வே அனுப்பிய ஆளாக ஜிஏ4 எழுதிக்கொள்கிறது. டேக் செட்டிங்ஸில் "வேண்டாத ரெஃபரல்" பட்டியலில் அந்த டொமைனைச் சேர்த்தால் முதலில் வந்த வழி நிலைக்கும். அதேபோல வாட்ஸ்அப் குரூப்பில் பகிரும் லிங்க் யூடிஎம் (எங்கிருந்து வந்தது என்று லிங்கில் சேர்க்கும் குறிப்பு) இல்லாமல் வந்தால் "டைரக்ட்" கணக்கில் விழும். கூகுள் மேப் பிசினஸ் பக்கத்தில் உள்ள வெப்சைட் லிங்குக்கும் யூடிஎம் போடுங்கள். இல்லையென்றால் மேப்பில் வந்தவரும் தேடலில் வந்தவரும் கலந்துவிடுவர். சைட்டுக்குள் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்குப் போகும் லிங்குக்கு மட்டும் யூடிஎம் போடவே கூடாது, உண்மையான சோர்ஸ் குழம்பும்.

விளம்பரம் பற்றி அத்தானுக்கு: கீ ஈவென்ட் சரியாக ஓடி 4 வாரம் ஆன பிறகு பேசலாம். அப்போதும் வாரத்துக்குப் பத்து ஃபோன் கிளிக் என்ற அளவில் ஒன்றிரண்டு ஏறி இறங்குவதை மாற்றம் என்று எடுக்க வேண்டாம்.

மட்டிப்பழம்:

மலையாளப் பக்கத்துக்கு: சர்ச் கன்சோல்ல குவரி (தேடின சொல்) பட்டியலைத் திறந்து மலையாள எழுத்துள்ள வரி எத்தனைன்னு பாருங்க. ஆனா அதுமட்டும் போதாது, நிறைய பேரு இங்கிலீஷ் எழுத்துலதான் அடிப்பாங்க. ஜிஏ4-ல லேங்குவேஜ் ரிப்போர்ட்டும் ஃபோன் செட்டிங்ஸைத்தான் காட்டும், கேரளாக்காரர் ஃபோனும் இங்கிலீஷ்லதான் கிடக்கும். ரிசப்ஷன் நோட்டுல யாரு எந்த மொழியில பேசினாங்கன்னு ஒரு கட்டம் சேருங்க. ஆளு இருந்தா ரூம் பக்கத்தை மட்டும் மலையாளத்துல போடுங்க, ரெண்டு பக்கத்துலயும் எச்ரெஃப்லாங் (மறு மொழிப் பக்கம் எதுன்னு கூகுளுக்குச் சொல்ற கோட்) பரஸ்பரம் இருக்கணும். ஒரு பக்கம் மட்டும் வச்சா கூகுள் அதைக் கண்டுக்காது.