புதுப்பிப்பு: மார்பின் மேல் அமர்ந்த கனத்த எதிராளியிடமிருந்து விடுபடுதல்

என்னைவிட ஏறத்தாழ 30 கிலோ கூடுதல் எடையுள்ள பயிற்சித் தோழர் மார்பின் மேல் ஏறி அமர்ந்துவிட்டால், தரையில் பிடித்து மடக்கும் சண்டைக்கலையான பிரேசிலிய ஜியு-ஜிட்சுவில் எவ்வாறு வெளியேறுவது என்று முன்பு கேட்டிருந்தேன். விடையளித்த அனைவருக்கும் நன்றி.

இடுப்பை உயர்த்தி உருட்டிவிடும் முறையை முதலில் முயன்றேன். மேலிருப்பவரின் ஒரு கையையும் அதே பக்கத்துக் காலையும் சிறைப்படுத்தினால்தான் அது பலிக்கும். அவரோ கையைக் கொடுக்கவே இல்லை. பலன் தந்தது, முழங்கையும் முழங்காலும் சேரும் வழியைப் பரிந்துரைத்தவரின் யோசனையே: முழங்கைகளை விலாவோடு ஒட்டி, ஒருக்களித்துச் சாய்ந்து, முன்கையை மேலிருப்பவருடைய இடுப்பில் முட்டுக்கொடுத்து, அவரைத் தள்ளுவதற்குப் பதிலாக என் இடுப்பைப் பின்னுக்கு இழுத்து, கிடைக்கும் இடைவெளியில் முழங்காலை நுழைக்க வேண்டும். அதற்கு முன் ஒருமுறை இடுப்பை உயர்த்தினால், அவர் கைகளைத் தரையில் ஊன்றுவார். அந்த நொடியில் கனம் முன்னே நகர்வதால் இடைவெளி எளிதில் கிடைக்கிறது. ஆக, உருட்டும் முறை தூண்டிலாகவாவது பயன்பட்டது.

எதிர்பாராதது ஒன்று உண்டு. அவருடைய ஒரு காலை மட்டும் என் கால்களுக்கிடையில் பிடித்த அரைநிலையில், அவர் மார்பால் அழுத்தி என்னை மீண்டும் மல்லாத்தினார். அவருடைய அக்குளுக்கடியில் என் கையை முந்திச் செலுத்திய பிறகே எழ முடிந்தது.

ஒருவர் சுட்டிய, குத்தும் அனுமதிக்கப்பட்ட 1994ஆம் ஆண்டுப் போட்டியில் ஜியு-ஜிட்சு வீரர் ராய்ஸ் கிரேசியும் மல்யுத்த வீரர் டான் செவர்னும் மோதியதையும் பார்த்தேன். தன்னைவிட மிகக் கனத்தவரின் அடியில் 15 நிமிடங்களுக்கு மேல் தாக்குப்பிடித்தே கிரேசி கால்களால் கழுத்தை நெரித்து வென்றார். அவசரமின்மைதான் அதில் கவனிக்கத்தக்கது. ஆனால் எங்கள் பயிற்சியில் குத்து கிடையாது. குத்து விழும் சூழலில் முகத்தைக் காப்பதே முதல் வேலை.