மறு: மறு: டிரைவ்ஷாஃப்ட் – அச்சா, தண்டா?

மீனா எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பாலிடெக்னிக் ஆட்டோமொபைல் பாடநூல் ஒன்றில் ஓர் இயலைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். அமெரிக்க டிராக் (drag) பந்தயக் காருக்கு முறியாத டிரைவ்ஷாஃப்ட்டை எப்படித் தேர்வது என்பதுதான் பொருள். கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சில் வரை போகிறதே, அந்தக் குழாய். இப்போதைக்கு 'இயக்க அச்சு' என்று போட்டிருக்கிறேன், எனக்கே பிடிக்கவில்லை. வெள்ளிக்கிழமை மாலைக்குள் அனுப்பியாக வேண்டும்.

இளஞ்சேரன் எழுதியது:

அம்மா, ஏன் பிடிக்கவில்லை? 'பீலிபெய் சாகாடும் அச்சிறும்' என்று, எது எப்போது முறியும் என்பதையே வள்ளுவர் சொல்லிவிட்டார். ஔவையார் புறநானூற்றில் அதியமான் மகன் பொகுட்டெழினியை, உப்பு வணிகரான உமணர் வண்டியின் 'சேம அச்சு' என்கிறார். பந்தயக்காரர் உதிரியாக ஒன்று கொண்டுபோவாராயின் அதற்கும் பெயர் கிடைத்தாயிற்று. 'அச்சு' வடமொழி அட்சத்தின் திரிபு என்று யாரும் கிளம்ப வேண்டாம். அதற்குத் தனி மடல் எழுதுகிறேன்.

வேல்முருகன் எழுதியது:

ஐயா, வள்ளுவர் சொன்னது வண்டி அச்சு. அது பாரத்தில் வளைந்து முறியும். இது பாரமே சுமக்காது, முறுக்கைக் கடத்துவது மட்டும்தான் வேலை. அச்சு என்று எழுதினால் பையன் பின் ஆக்சிலைக் கழற்றிவிடுவான்.

மீனா மேடம், கணக்கைப் பாருங்கள். இன்ஜின் 600 நியூட்டன் மீட்டர் முறுக்கு தருகிறது என்று வையுங்கள். முதல் கியர் விகிதம் 2.5 என்றால் தண்டுக்கு வருவது 1,500. ஆட்டோமேட்டிக் வண்டியாக இருந்தால், நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது டார்க் கன்வெர்ட்டர் அதை ஏறத்தாழ இரண்டு மடங்காக்கும்: 3,000. குதிரைத்திறனை மட்டும் வைத்துத் தண்டு வாங்குகிறவர்கள் இதைத்தான் கோட்டை விடுகிறார்கள். பின் ஆக்சில் விகிதத்தை இதில் பெருக்கக் கூடாது, அது தண்டுக்குப் பிறகு வருவது. சாதாரண டயர் என்றால் சறுக்கிவிடும். அந்தச் சறுக்கலே தண்டைக் காப்பாற்றும். பந்தயத்துக்கென்றே வரிப்பள்ளம் இல்லாமல் வரும் ஸ்லிக் டயர் தரையை விடாது. அடி முழுக்கத் தண்டுக்கும், அதன் முனையில் மூட்டாக இருக்கும் கிராஸுக்கும்தான். அதனால்தான் 1310 அளவுக் கிராஸைக் கழற்றிவிட்டு 1350 போடுகிறார்கள். குழாயின் சுவர்க் கனத்தை மாற்றாமல் விட்டத்தை 3 அங்குலத்திலிருந்து 3.5 ஆக்கினால், தாங்கும் முறுக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடும்.

எனவே என் ஓட்டு: முறுக்குத்தண்டு.

கவிதா எழுதியது:

நான் இதே பாடத்தை நடத்துகிறவள். 'முறுக்குத்தண்டு' என்றதும் வகுப்பு சிரிக்கும், தீபாவளிப் பலகாரம் நினைவுக்கு வரும். அதுகூடப் போகட்டும். சஸ்பென்ஷனில் டார்ஷன் பார் என்று ஒன்று இருக்கிறதே, அதற்கு ஏற்கெனவே அந்தப் பெயரைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். மாணவர்களுக்குப் பட்டறையிலிருந்து தெரிந்த சொல் 'புரொப்பல்லர் ஷாஃப்ட்'. அதையே போட்டுவிட்டுப் பாடத்தை நடத்தலாமே?

இளஞ்சேரன் எழுதியது:

ஒற்றுதான் விடை. 'முறுக்கு' பெயர்ச்சொல்லானால் வல்லினம் மிகும்: முறுக்குத்தண்டு, அது உங்கள் டார்ஷன் பார். வினைத்தொகையானால் மிகாது: முறுக்குதண்டு, இது டிரைவ்ஷாஃப்ட். இவ்வளவு நுட்பம் வாய்த்த மொழியை வைத்துக்கொண்டு புரொப்பல்லருக்கு ஏன் போக வேண்டும்?

வேல்முருகன் எழுதியது:

ஒரு 'த்'தை நம்பி ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்கு ஆள் அனுப்ப முடியுமா ஐயா?

சிவா எழுதியது:

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு குரல். வாகனத்தைச் 'செலுத்துவது' என்றுதான் நாங்கள் சொல்வது. 'செலுத்துதண்டு' எண்டால் எவருக்கும் விளங்கும், ஒற்றுச் சண்டையும் இல்லை.

இன்னொன்று. மீனா அக்கா டிராக் பந்தயத்தை 'இழுவைப் பந்தயம்' என்று எழுதிவிட வேண்டாம். டிராக் என்பது ஊரின் பெருந்தெருவைக் குறித்த பேச்சுவழக்கு என்றும் ஒரு விளக்கம் உண்டு. கால் மைல், அதாவது 402 மீட்டர், நேர்கோட்டில் ஓடும் ஓட்டம் அது. 'நேரோட்டப் பந்தயம்' எனலாமே.

இளஞ்சேரன் எழுதியது:

'செல்' தன்வினை, 'செலுத்து' பிறவினை. தண்டு எதைச் செலுத்துகிறது? சக்கரத்தையா, ஆற்றலையா? வரி செலுத்துவதும் செலுத்துவதுதான். சொல்லில் முறுக்கு இல்லாவிட்டால் பொருளே போயிற்று.

கவிதா எழுதியது:

முறுக்கு மட்டுமே பொருள் என்றால் ஓட்டத்தின் பின்பாதியை யார் சொல்வது? கிளம்பும்போது பயம் முறுக்கு. முடிவுக்கோட்டருகே பயம் வேகம். 28 அங்குல டயர், 4.10 ஆக்சில் விகிதம், 200 கி.மீ. வேகம் என்றால் தண்டு நிமிடத்துக்கு ஏறத்தாழ 6,100 சுற்று சுற்றும். ஒரு கட்டத்தில் குழாய் நடுவில் வளைந்து சாட்டை வீச ஆரம்பிக்கும். அந்த மாறுநிலை வேகம் விட்டம் கூடினால் கூடும். நீளம் இரண்டு மடங்கானால் நாலில் ஒன்றாகிவிடும்.

அலுமினியம் போட்டால் தீர்ந்தது என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். எடைக்கேற்ற விறைப்பு எஃகுக்கும் அலுமினியத்துக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். ஒரே விட்டத்தில் மாறுநிலை வேகம் பெரிதாக மாறாது. கார்பன் இழையில்தான் உண்மையான வேறுபாடு, விலையிலும்கூட. மீனா, இந்தப் பத்தியைச் சுருக்கிவிடாதீர்கள்.

மீனா எழுதியது:

சுருக்கவில்லை. தண்டைச் சுற்றிப் போடும் இரும்பு வளையத்துக்கு என்ன சொல்வது? ஸ்லிக் டயரோடு 13.99 நொடிக்குள் ஓடும் கார்களுக்கு அமெரிக்க டிராக் பந்தயச் சங்கமான என்.எச்.ஆர்.ஏ.வின் விதிப்படி அது கட்டாயம். முன்கிராஸிலிருந்து 6 அங்குலத்துக்குள் இருக்க வேண்டும்.

வேல்முருகன் எழுதியது:

'காப்பு வளையம்'. முன்கிராஸ் விட்டுப்போனால் தண்டின் முனை தரையில் குத்தி வண்டியையே தூக்கிவிடும். அதைத் தாங்கிப் பிடிக்கத்தான் அது.

இளஞ்சேரன் எழுதியது:

காப்பு என்றாலே வளையந்தான். கைக்காப்பை யாரும் கைக்காப்பு வளையம் என்பதில்லை. 'தண்டுக்காப்பு' போதும்.

மீனா எழுதியது:

அனைவருக்கும் நன்றி. செலுத்துதண்டு, தண்டுக்காப்பு, மாறுநிலை வேகம், நேரோட்டப் பந்தயம். செலுத்துதண்டு முதலில் வரும் இடத்தில் மட்டும் 'பட்டறையில் புரொப்பல்லர் ஷாஃப்ட் என்பார்கள்' என்று ஒரு வரி சேர்த்துவிட்டேன். கிராஸ் கிராஸாகவே இருக்கிறது. கோப்பு இன்று மதியம் போகிறது.

இளஞ்சேரன் எழுதியது:

என் ஓட்டு முறுக்குதண்டுக்கே என்று பதிந்துகொள்ளுங்கள். 'செலுத்துத்தண்டு' என்று அச்சுக்கோப்பவர் ஒற்றைச் சேர்க்காமலாவது பாருங்கள். தண்டின் முன்முனையில் கியர்பாக்ஸுக்குள் முன்னும் பின்னும் நழுவும் ஸ்லிப் யோக்குக்கு என்ன போட்டீர்கள்?

வேல்முருகன் எழுதியது:

ஐயா, 'வழுக்குநுகம்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

இளஞ்சேரன் எழுதியது:

ஏன் கூடாது? யோக் என்றால் நுகம்தானே. 'எருதே இளைய நுகமுண ராவே' என்றுதான் அந்தச் சேம அச்சுப் பாட்டே தொடங்குகிறது. தனி இழையில் விரிவாக எழுதுகிறேன்.