மாடிக் குளியலறைக் கசிவுக்கு மூவர் மூன்று தொகை சொல்கிறார்கள். மதிப்பீட்டை எப்படிச் சரிபார்ப்பது?

தாம்பரம் வாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். தாம்பரத்தை அடுத்த பகுதியில், என் தந்தையார் 1992-இல் கட்டிய மாடி வீட்டில் வசிக்கிறோம். அன்று சுவருக்குள் பதித்த ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) குழாய்கள்தாம் இன்றும் இருக்கின்றன. மாடிக் குளியலறைக்கு நேர் கீழே, கூடத்தின் கூரையில், மின்விசிறிக் கொக்கியைச் சுற்றி ஓர் ஈரத் திட்டு தோன்றி, இப்போது பூச்சு பொருக்குப் பொருக்காக உதிரத் தொடங்கியுள்ளது.

மூன்று பிளம்பர்களை அழைத்துக் காட்டினேன். முதலாமவர் கூடத்தில் நின்றபடியே அண்ணாந்து பார்த்துவிட்டு, கசியும் இடத்தை மட்டும் உடைத்துச் சரிசெய்ய 12,000 ரூபாய் ஆகும் என்றார். இரண்டாமவர், பழைய குழாய்களை அப்படியே சுவருக்குள் விட்டுவிட்டுப் புதிதாக சிபிவிசி (வெந்நீரும் தாங்கும் பிளாஸ்டிக்) குழாய் போட 40,000 ரூபாய் என்றும், டைல்ஸ் வேலை அதில் சேராது என்றும் சொன்னார். மூன்றாமவர், குளியலறைத் தரையை முழுவதும் பெயர்த்து, நீர்த்தடுப்புப் பூச்சு கொடுத்து, குழாயும் டைல்ஸும் புதிதாகப் போட 1,10,000 ரூபாய் கேட்கிறார். அதில் பாதியை முன்பணமாகத் தர வேண்டுமாம். எவரும் எதையும் எழுதித் தரவில்லை.

இவ்வளவு வேறுபாடு எதனால் வருகிறது, இவற்றில் எதை நம்புவது, எழுத்தில் தரச் சொன்னால் வேலைக்காரர்கள் மனம் கோணாமல் இருப்பார்களா என்பன என் ஐயங்கள். அனுபவம் உள்ளவர்கள் வழி சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர்

வணக்கம் ஐயா. முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். ஈரம் மின்விசிறிக் கொக்கி வரை வந்துவிட்டது என்கிறீர்கள். அந்த விசிறிக்கான மின் இணைப்பை இன்றே துண்டித்து, ஓர் எலெக்ட்ரீஷியனிடம் காட்டிவிடுங்கள். விலையைப் பற்றிப் பிறகு பேசலாம்.

நீங்கள் கேட்டு வாங்கியவை ஒரே வேலைக்கான மூன்று விலைகள் அல்ல. மூவரும் மூன்று வேறு நோய்களுக்கு மருந்து சொல்லியிருக்கிறார்கள். நோய் எது என்று ஒருவரும் பார்க்கவில்லை. குளியலறைக் கசிவு பொதுவாக மூன்று வழிகளில் வரும்: தொட்டியிலிருந்து நீர் கொண்டுவரும் குழாய், கழிவுநீர் இறங்கும் டிராப்பும் (தரையில் நீர் வடியும் வாய்க்குக் கீழுள்ள, நீர் தேங்கி நிற்கும் கிண்ணம்) அதன் இணைப்புகளும், தரையிலும் சுவரோரத்திலும் உள்ள டைல்ஸ் இடுக்குகள். இம்மூன்றில் எது என்பதைப் பெரும்பாலும் நீங்களே, செலவில்லாமல், கண்டுபிடித்துவிடலாம்.

கூரையில் உள்ள ஈரத்தின் ஓரத்தை பென்சிலால் சுற்றிக் கோடு போட்டு, தேதியும் எழுதி வையுங்கள். பிறகு மாடிக் குளியலறையைச் சில நாட்கள் எவரும் பயன்படுத்தாமல் பூட்டி வையுங்கள்; ஆனால் அதற்கு நீர் வரும் வால்வு திறந்தே இருக்கட்டும். நீர் வரும் குழாயில் எப்போதும் அழுத்தம் இருப்பதால், ஓட்டை அதில் இருந்தால் அறையைப் பயன்படுத்தாவிட்டாலும் ஈரம் பென்சில் கோட்டைத் தாண்டிப் பரவும். ஈரம் கூடாமல் நின்று, மெல்ல உலரத் தொடங்கினால், கசிவு கழிவுநீர் வழியிலோ தரையிலோ இருக்கிறது என்று கொள்ளலாம். தளம் குடித்து வைத்திருக்கும் நீர் வடிய நேரம் பிடிக்கும் என்பதால் ஒரே இரவில் முடிவுக்கு வந்துவிடாதீர்கள்.

அடுத்து, தரையில் நீர் வெளியேறும் வாயைத் துணி மூட்டையால் இறுக அடைத்து, வாசற்படியைத் தாண்டாத அளவுக்கு நீர் நிரப்பி, சுவரில் நீர்மட்டத்தைக் குறித்துவிட்டு 24 மணி நேரம் விடுங்கள். மட்டம் தெளிவாக இறங்கி, கீழே ஈரம் கூடினால் குற்றவாளி தரை. அப்படி ஒன்றும் நிகழாமல், அடைப்பை எடுத்து நீரை ஒரேயடியாக வடியவிட்ட பிறகு ஈரம் பரவினால், டிராப்பையோ அதன் கீழுள்ள இணைப்பையோதான் சந்தேகிக்க வேண்டும். நீரில் சொட்டு நீலம் கலந்துகொள்வதும் உண்டு. ஆனால் காங்கிரீட் வழியாக வரும்போது நிறம் பெரும்பாலும் வடிகட்டப்பட்டுவிடும் என்பதால், கீழே நீலம் தெரியவில்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

இதைச் செய்து முடித்த பிறகு நீங்கள் அழைக்கும் பிளம்பர் சொல்லும் தொகைக்குத்தான் பொருள் உண்டு.

குழாய்ப் பணி ஒப்பந்ததாரர், மதுரை

பொறியாளர் ஐயா சொன்னதை வழிமொழிகிறேன். எங்கள் பக்கத்திலிருந்து தொகை எப்படிப் பிறக்கிறது என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்வது நல்லது.

புது வீட்டு வேலையில், குழாய் வாய், ஷவர், வாஷ் பேசின் என்று ஒவ்வொன்றையும் ஒரு பாயிண்டாக எண்ணி, பாயிண்டுக்கு இவ்வளவு என்று கூலி பேசுவோம். பழைய வீட்டு ரிப்பேரில் அந்தக் கணக்கு செல்லாது. டைல்ஸுக்குப் பின்னால் குழாய் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று உடைத்துப் பார்த்தால்தான் தெரியும். முப்பது ஆண்டு கடந்த ஜிஐ குழாயில் ஒரு துண்டை மாற்றப் பைப் ரெஞ்சைப் போட்டுத் திருகினால், துருப்பிடித்து மெலிந்த மரை (திருகு வரி) அடுத்த இணைப்பில் முறிந்துவிடும். அந்த 12,000 ரூபாய்க்காரர் இதைக் கணக்கில் வைத்தாரா என்று கேளுங்கள். இந்த அச்சத்தினால்தான் எங்களில் சிலர் தொகையை ஏற்றிச் சொல்கிறோம். வேறு சிலர் குறைத்துச் சொல்லி வேலையைப் பிடித்துவிட்டு, சுவரை உடைத்த பிறகு கூட்டிக் கேட்கிறார்கள். இரண்டாவது பழக்கம் எங்கள் தொழிலுக்கே கெட்ட பெயர் வாங்கித் தருகிறது என்பதை வருத்தத்தோடு சொல்கிறேன்.

இதைத் தவிர்க்க ஒரு வழி உண்டு. கண்ணுக்குத் தெரிகிற வேலைக்கு ஒரு தொகையும், உடைத்த பிறகு கூடுதலாகத் தெரியவந்தால் குழாய் ஓர் அடிக்கு இவ்வளவு, இணைப்பு ஒன்றுக்கு இவ்வளவு, கொத்தனாருக்கு நாள் கூலி இவ்வளவு என்று தனி விகிதமும் முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்ளுங்கள். உங்களிடம் சொல்லாமல் கூடுதல் வேலையைத் தொடங்கக் கூடாது என்ற ஒரு வரியையும் சேருங்கள். நேர்மையாக வேலை செய்பவருக்கு இதனால் மனம் கோணாது. பணம் வாங்கும் நாளில் வாக்குவாதம் இல்லாமல் போவது எங்களுக்கும் நிம்மதியே.

பொருளைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிபிவிசி என்ற ஒரே பெயரில் எஸ்டிஆர் 11, எஸ்டிஆர் 13.5 என்று இரு கனங்களில் குழாய் வருகிறது. எண் சிறிதாக இருப்பதே கனமான குழாய், விலையும் அதற்கே கூடுதல். குழாயின் மேல் ஐஎஸ் 15778 என்ற தர எண்ணும் இந்தக் கன எண்ணும் அச்சிடப்பட்டிருக்கும். மதிப்பீட்டில் எது என்று எழுதச் சொல்லுங்கள். கீசரிலிருந்து வெந்நீர் வரும் வழிக்குக் கனமானதையே போடச் சொல்வது என் வழக்கம். சாதாரண யுபிவிசி பிளாஸ்டிக் குழாய் குளிர்ந்த நீருக்கு மட்டுமே ஏற்றது. வெந்நீருக்கு அது ஆகாது.

தொகை குறையும் இடம் பெரும்பாலும் குழாயில் இல்லை, சிறிய சாமான்களில் இருக்கிறது. சுவரில் குழாய் வாயைத் திருகி மாட்டும் இடத்தில் ஓர் எல்போ (வளைவு இணைப்பு) வரும். அதன் மரை பித்தளையில் இருக்கலாம், வெறும் பிளாஸ்டிக்கிலும் இருக்கலாம். கையில் எடுத்தாலே எடை வேறுபாடு தெரியும். பிளாஸ்டிக் மரையில் பித்தளைக் குழாய் வாயை இரண்டு முறை கழற்றி மாட்டினால் விரிசல் விட்டு, சுவருக்குள்ளேயே கசியும். பூசி டைல்ஸ் ஒட்டிய பிறகு இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. எனவே "பித்தளை மரை எல்போ" என்ற சொற்கள் மதிப்பீட்டில் இருக்கட்டும்.

சாமான்களை நீங்களே வாங்கித் தருவதா, எங்களிடம் விடுவதா என்று பலர் குழம்புகிறார்கள். கடைக்காரர் எங்களுக்குக் கமிஷன் தருவது ஊரறிந்தது. அதை மறைப்பதில் பயனில்லை. நீங்கள் வாங்கினால் அது மிச்சமாகும், ஆனால் ஒரு கப்ளிங் குறைந்தால் வேலையை நிறுத்திவிட்டு நீங்கள் கடைக்கு ஓட வேண்டும். பட்டியலை எங்களிடம் வாங்கிக்கொண்டு, கடைக்கு எங்களையும் அழைத்துச் சென்று, பில்லை உங்கள் பெயரில் போட்டுக்கொள்வது இரு தரப்புக்கும் ஒத்துவரும்.

திருச்சி வாசகி

எங்கள் வீட்டில் சமையலறை, குளியலறை இரண்டுக்கும் குழாய் மாற்றியபோது, தொகைகளை ஒப்பிடவே முடியாமல் நானும் திணறினேன். பிறகு ஒரு முழுத்தாளில், எந்தச் சுவர், எத்தனை குழாய் வாய்கள், எந்த வகைக் குழாய் என்றெல்லாம் வேலையை நானே எழுதி, அதே தாளின் நகலை ஒவ்வொருவருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பி, இதற்கு மட்டும் தொகை சொல்லுங்கள் என்று கேட்டேன். அதன் பின் வந்த தொகைகள் ஒன்றுக்கொன்று வெகு அருகில் இருந்தன. எழுதிக் கொடுங்கள் என்று கேட்பதற்குப் பதில், நாமே எழுதி அனுப்பி "சரி" என்று பதில் வாங்குவது எளிது. எழுதத் தயங்குகிறவர்களும் அதற்கு மறுப்புச் சொல்வதில்லை.

அந்தத் தாளில் பெரும்பாலும் விட்டுப்போவது உடைத்த பிறகு வரும் வேலைதான் என்பதை அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். சுவரை வெட்டுவது பிளம்பரா, கொத்தனாரா? மீண்டும் பூசுவது யார்? இடிந்த கல்லையும் டைல்ஸ் துண்டுகளையும் வண்டி வைத்து அப்புறப்படுத்துவது யார் செலவு? உங்கள் இரண்டாமவர் சொன்ன 40,000 ரூபாயில் டைல்ஸ் இல்லை என்கிறீர்கள். பழைய டைல்ஸ் அதே நிறத்தில் இன்று கடையில் கிடைக்காது என்பதால், நான்கு டைல்ஸ் உடைந்தாலும் ஒரு சுவர் முழுவதையும் மாற்றும் நிலை வரலாம். அதையும் கூட்டிப் பார்த்தால் அவருக்கும் மூன்றாமவருக்கும் உள்ள இடைவெளி நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாக இருக்கக்கூடும்.

பாதித் தொகையை முன்பணமாகத் தர வேண்டாம். சாமான் வாங்கும் அளவுக்கு முதலில் கொடுத்து, குழாய் போட்டு, அழுத்தத்தில் நீர் ஏற்றிக் கசிகிறதா என்று பார்க்கும் அழுத்தச் சோதனை முடிந்ததும் ஒரு பகுதி, பூச்சும் டைல்ஸும் முடிந்ததும் ஒரு பகுதி, சில வாரம் புழங்கிப் பார்த்த பிறகு மிச்சம் என்று நாங்கள் பேசிக்கொண்டோம். பூசுவதற்கு முன் ஒவ்வொரு சுவரையும், அளவு நாடாவை விரித்துப் பிடித்துப் படம் எடுத்து வைத்தேன். பின்னாளில் கண்ணாடி மாட்ட ஆணி அடிக்கும்போது அந்தப் படங்கள் பெரிதும் உதவுகின்றன.

வரி ஆலோசகர், கோவை

தொகையோடு வரி என்ற பேச்சு வரும்போது பலர் ஏமாறுவதால் இதை எழுதுகிறேன். பிளம்பிங் சேவைக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். ஆனால் ஆண்டு மொத்த வரவு (செலவைக் கழிக்காமல்) 20 லட்சம் ரூபாயைத் தாண்டாத சேவையாளர் பதிவு செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. பதிவு செய்யாதவர் உங்களிடம் அந்த வரியை வசூலிக்கவும் முடியாது. வரி கேட்பவரிடம் 15 இலக்கப் பதிவு எண்ணுடன் கூடிய பில்லைக் கேளுங்கள். தொகையைச் சொல்லும்போதே வரி சேர்த்தா, சேர்க்காமலா என்று தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். 1,10,000 ரூபாய்க்கு 18 சதவீதம் என்றால் மேலும் 19,800 ரூபாய்.

எழுத்தில் வாங்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பணம் கொடுத்துப் பெறும் இத்தகைய சேவை 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் வரும். வேலை பழுதானால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முறையிடலாம். தீராவிட்டால் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான சேவைக்கு அங்கே மனுக் கட்டணம் கிடையாது. வாட்ஸ்அப் செய்தியும், பணம் அனுப்பிய பதிவும், பில்லும்தான் அங்கே உங்கள் பக்கம் பேசும்.

தாம்பரம் வாசி

விரிவாக எழுதிய அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. விசிறி இணைப்பைத் துண்டித்துவிட்டோம். பென்சில் கோடு போட்டு அறையைப் பூட்டி வைத்ததில் ஈரம் கோட்டைத் தாண்டவில்லை. ஓரங்கள் வெளுக்கத் தொடங்கின. நீர் நிரப்பியபோதும் மட்டம் குறிப்பிடும்படி இறங்கவில்லை. ஆனால் அடைப்பை எடுத்து வடியவிட்ட அன்று மாலைக்குள் கொக்கியின் அருகே நீர் முத்து முத்தாகக் கோத்து நின்றது. ஆக, கோளாறு பழைய வார்ப்பிரும்பு டிராப்பிலோ அதன் இணைப்பிலோ இருப்பதாகத் தெரிகிறது.

இனி ஒரே ஒரு கேள்வி. டிராப்புக்காகத் தரையின் ஒரு பகுதியை எப்படியும் உடைக்கப் போகிறோம். கசியாத ஜிஐ குழாய்களையும் இதோடு சேர்த்து மாற்றுவது தேவையா?

ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர்

தரைக்குள் ஓடும் ஜிஐ குழாய் ஏதேனும் இருந்தால் அதை இப்போதே மாற்றிவிடுங்கள். அந்தக் குழாயின் விலையைவிட, பின்னொரு நாள் அதற்காகப் புதுத் தரையை மீண்டும் உடைத்து நீர்த்தடுப்புப் பூச்சைச் சிதைப்பது பல மடங்கு செலவு. சுவருக்குள் இருப்பவை காத்திருக்கலாம். குழாயில் நீர் மெலிந்து வந்தாலோ, காலையில் முதல் நீர் செம்மண் நிறத்தில் வந்தாலோ அவற்றையும் சேர்த்துக்கொள்ளலாம்.

புதிய மதிப்பீட்டில் டிராப்பை மாற்றுவது, தரைக்குள் உள்ள குழாய், நீர்த்தடுப்புப் பூச்சு, டைல்ஸ், சுவர்க் குழாய்கள் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனித் தொகை கேளுங்கள். சுவர்க் குழாய்களைச் சேர்ப்பதா விடுவதா என்பதை அந்தத் தொகையைப் பார்த்தபின் நீங்கள் முடிவு செய்யலாம். டைல்ஸ் ஒட்டுவதற்கு முன், பூச்சு காய்ந்ததும், முன்பு செய்தது போலவே நீர் தேக்கிச் சோதித்துக் காட்ட வேண்டும் என்பதையும் அதில் ஒரு வரியாக எழுதிவிடுங்கள்.

குழாய்ப் பணி ஒப்பந்ததாரர், மதுரை

டிராப் மாற்றும் நாளில் மாடிக் குளியலறையின் கழிவு வழி முழுவதும் நின்றுபோகும்; சிமெண்டும் பூச்சும் காயும் வரை அறையைப் பயன்படுத்த முடியாது. எத்தனை நாள் ஆகும் என்பதையும் தொகையோடு சேர்த்து எழுதி வாங்குங்கள். முதலில் வந்த மூவரையும் மீண்டும் அழைத்து, இப்போது கண்டறிந்ததைச் சொல்லித் தொகை கேட்டுப் பாருங்கள். இம்முறை மாடிக்கு ஏறி, டிராப்பின் மூடியைத் திறந்து உள்ளே கைவிட்டுப் பார்ப்பவரிடம் வேலையைக் கொடுங்கள்.