தெருமுனைத் துண்டு பீட்சா கடை, சாப்பிட்டவர்கள் சொல்லுங்கள்

அண்ணா நகர்வாசி:
எங்கள் தெருமுனையில் பீட்சாவைத் துண்டு கணக்கில் விற்கும் சின்னக் கடை வந்திருக்கிறது, ஒரு துண்டு 70 ரூபாய். பிள்ளைகள் தினமும் நச்சரிக்கிறார்கள். கூட்டிக்கொண்டு போகலாமா?

செல்லூர்க்காரன்:
தாராளமாகப் போங்கண்ணே. அடி மொறுமொறுவென்று இருக்கிறது, கையில் மடித்துச் சாப்பிடலாம். நியூயார்க்கில் இப்படித்தான், 18 அங்குல பீட்சாவை எட்டாக வெட்டி வைத்து, கேட்கும்போது ஒரு துண்டை மறுபடி அடுப்பில் சூடாக்கித் தருவார்கள். இவர்களும் மைக்ரோவேவில் வைக்காமல் அடுப்பில்தான் சூடாக்குகிறார்கள், அதனால் ரப்பர் மாதிரி இழுக்கவில்லை.

கே.கே. நகர் அக்கா:
நான் மதியம் மூன்று மணிக்குப் போனேன், காலையில் சுட்டது போல, சீஸ் காய்ந்துபோய் மேலே தோல் கட்டியிருந்தது. சொன்னதும் முகம் சுளிக்காமல் மாற்றிக் கொடுத்தார்கள், அது பிடித்தது. ஆனால் தக்காளி சாஸில் இனிப்பு தூக்கல். உறைப்பாகச் சாப்பிட்டுப் பழகிய நமக்கு அது ஒட்டவே இல்லை, மிளகாய்த்தூள் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

திருநகர் தம்பி:
மாவைப் பற்றி யாரும் சொல்லவில்லையே! பரோட்டா மாவை ஊற வைப்பது போல, பீட்சா மாவையும் ஒரு நாள் ஃப்ரிட்ஜில் வைத்து மெதுவாகப் புளிக்க விட்டால்தான் வாசமும் மென்மையும் வரும். கேட்டுப் பார்த்தேன், முதல் நாள் இரவே பிசைந்து வைக்கிறார்களாம். ஓரத்தைக்கூட மிச்சம் வைக்காமல் தின்றேன். அக்கா சொன்னது சரி, சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் போனால் புதிதாகச் சுட்டது கிடைக்கும்.

அண்ணா நகர்வாசி:
சரி, சனிக்கிழமை ஏழு மணிக்குப் போகிறோம். ரொம்ப நன்றி.