கோஜோ: விலக்கா, கழிவா, கழிதொகையா?

நண்பர்களுக்கு வணக்கம். ஜப்பானிய வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளும் தொகையைக் 'கோஜோ' என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல் தேடும் நம் உரையாடலில் ஒருவர் இப்படி எழுதியிருந்தார்:

> ஜப்பானிய வருமான வரியில் வரும் 'கோஜோ'வை 'வரிவிலக்கு' என்றே எழுதலாமே, எல்லாருக்கும் புரியும்.

புரியும் ஐயா, ஆனால் தப்பாகப் புரியும். என்னோடு வேலை பார்க்கும் நண்பர் பல் சிகிச்சைக்கு 1,60,000 யென் செலவழித்தார். மருத்துவச் செலவுக்கு வரிவிலக்கு உண்டென்று யாரோ சொல்ல, ரசீதுகளை எல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் சேர்த்து வைத்திருந்தார். அவர் சம்பளத்துக்கு 1,00,000 யென்னைத் தாண்டிய 60,000தான் கணக்கில் வரும். அதுவும் வரியில் கழியாது, வரி போடும் வருமானத்தில் கழியும். 10 சதவீத அடுக்கில் இருப்பவருக்கு அந்த ஆண்டு வருமான வரியில் மிச்சமானது சுமார் 6,000 யென். அறுபதாயிரமும் கைக்கு வரும் என்று நம்பியிருந்தவர் சோர்ந்துபோனார்.

வீட்டுக்கடன் கதை வேறு. ஆண்டு முடிவில் 2 கோடி யென் பாக்கி இருந்தால், இப்போதைய 0.7 சதவீதப்படி 1,40,000 யென் நேராக வரியிலேயே கழியும்.

ஜப்பானியர் இரண்டையும் கோஜோ என்றுதான் சொல்கிறார்கள். எதில் கழிகிறது என்பதை முன்னே வைத்துவிடுகிறார்கள்: வருமானத்தில் கழிந்தால் ஷோதொகு கோஜோ, வரியில் கழிந்தால் ஸெய்காகு கோஜோ. ஆங்கிலத்தில் இவற்றுக்கு டிடக்‌ஷன், கிரெடிட் என்று இரண்டு தனிச் சொற்கள். அதைப் பின்பற்றித்தான் இங்கே 'கழிவு', 'வரி வரவு' என்று முன்வைத்திருக்கிறீர்கள். வரி வரவு என்றால் அரசுக்கு வரும் பணம் என்றல்லவா தோன்றும்? 'விலக்கு' வரியே இல்லாதவற்றுக்கு இருக்கட்டும். வேலைக்கு ரயில், பஸ்ஸில் போய்வரத் தரும் பயணப்படி, மாதம் 1,50,000 யென் வரை, அப்படிப்பட்டது.

'கழிவு' பழகிய சொல்தான், மறுக்கவில்லை. ஆனால் மருத்துவச் செலவுக்கானதை 'மருத்துவக் கழிவு' என்று எழுதிப் பாருங்கள். ஆஸ்பத்திரி குப்பைத்தொட்டிதான் கண்முன் வரும்.

என் பரிந்துரை: கழிதொகை. கழித்த, கழிக்கிற, கழிக்கும் தொகை, மூன்றுக்கும் பொருந்தும் வினைத்தொகை. வருமானக் கழிதொகை, வரிக் கழிதொகை என்று ஜப்பானிய அமைப்பிலேயே பிரித்துக்கொள்ளலாம். கிட்டத்தட்ட எல்லாருக்கும் பொதுவான 'கிஸோ கோஜோ' (2020இல் 4,80,000 யென், 2025இல் 5,80,000, வருமானம் குறைந்தவர்களுக்கு இன்னும் கூடுதல்) அடிப்படைக் கழிதொகை ஆகும். 'ஹைகூஷா கோஜோ'வை 'மனைவிக் கழிதொகை' ஆக்கிவிடாதீர்கள்; கணவருக்கும் அதே சொல்தான். வாழ்க்கைத்துணைக் கழிதொகை என்று எழுதுவோம்.

எனக்கு இன்னும் முடிவாகாதது 'ஃபுயோ கோஜோ', அதாவது நாம் காப்பாற்றும் உறவினருக்காகக் கழிப்பது. 'சார்ந்தோர்' என்று ஒருவர் எழுதியிருந்தார். ஆனால் ஃபுயோ என்றால் ஒருவரைத் தாங்கி வாழவைப்பது. சொல்லின் கண் சார்ந்திருப்பவர் மேல் இல்லை, தாங்குபவர் மேல். ஊரிலுள்ள அப்பா அம்மாவைக் கணக்கில் காட்டுகிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். 2023இலிருந்து, வெளிநாட்டில் இருக்கும் 30 முதல் 69 வயது வரையுள்ள உறவினர் என்றால், சில விதிவிலக்குகள் தவிர, ஆளுக்கு ஆண்டுக்கு 3,80,000 யென்னாவது அனுப்பியதற்கு ரசீது கேட்கிறார்கள். அம்மா உங்களைச் சார்ந்திருக்கிறார் என்று சொன்னால் போதாது, நீங்கள் பேணியதைக் காட்ட வேண்டும்.

அதனால் 'பேணல் கழிதொகை' என்று நினைக்கிறேன். 'ஆதரவுக் கழிதொகை'யும் மனதில் ஓடுகிறது. ஜப்பானில் இருப்பவர்கள் இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, எது இயல்பாக வருகிறது என்று எழுதுங்கள். ஆண்டிறுதிச் சரிக்கட்டல் (சம்பளத்தில் பிடித்த வரியை நிறுவனம் ஆண்டு முடிவில் நேர்செய்வது) படிவம் கைக்கு வருவதற்குள் முடிவானால், நான் தயாரிக்கும் தமிழ் விளக்கத்தில் அதையே போட்டுவிடுவேன்.

அன்புடன்.